எந்த மரத்தில் இருந்தது?

ஒட்டுண்ணிச் செடிகளைப் பற்றி அரசுத் தாவரவியலாளரின் மேசைக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைக் கேட்கும். சந்தனக் கன்று நட்டால் பட்டுப்போகிறது, எப்படிப் பிழைக்க வைப்பது? தேக்கில் புல்லுருவி மண்டிவிட்டது, எப்படி ஒழிப்பது? சில சமயம் இரண்டு கடிதங்களும் ஒரே வனக்கோட்டத்திலிருந்து, ஒரே வாரத்தில் வந்து சேரும். சந்தனமும் புல்லுருவியைப் போலப் பிற தாவரத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிதான். ஒன்று மண்ணுக்குள் செய்வதை மற்றொன்று கிளையில் செய்கிறது. கட்டை மணப்பதால் ஒன்றுக்குக் காவல் போடுகிறோம், இன்னொன்றுக்கு அரிவாள் எடுக்கிறோம். என் பணிக்காலம் முழுவதும் இந்த இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதுவதிலேயே கழிந்தது என்று சொன்னாலும் பெரிய பொய் இல்லை. இரண்டுக்கும் பதில் தேடப் போனால், ஒட்டுண்ணியை விட்டுவிட்டு அது ஒட்டியிருக்கும் செடியைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்கள் காட்டை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதலில் கிடைப்பது ஹெர்பேரியம், அதாவது உலர்தாவரச் சேமிப்பகம். நாப்தலின் வாசனை, இரும்பு அலமாரி, காய்ந்த செடி ஒட்டிய தாள்கள். எனக்கும் அப்படித்தான். புல்லுருவிகள் அடங்கும் லொராந்தேசியே குடும்பத்துத் தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. யாரும் விரும்பாத வேலை அது. காரணம் அலமாரியைத் திறந்ததும் தெரிந்துவிடும். புல்லுருவியின் இலைகள் காயக் காய உதிர்ந்துவிடும். தாளில் கறுத்த குச்சிகள் சில ஒட்டியிருக்கும், மூலையில் ஒரு சிறு காகித உறையில் இலைத்தூள். லேபிளில் ஊர், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். அடியில் ‘மரத்தில் ஒட்டுண்ணி’ என்று ஒரு வரி. எந்த மரம்? அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

பெயர்களும் குழப்பம்தான். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தென்னிந்தியாவில் செடி அடையாளம் காண்போர் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறோம். அதில் புல்லுருவிகளில் பெரும்பாலானவை லொராந்தஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடைபட்டிருக்கும். டான்சர் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1930களில் அதை உடைத்துப் பல பேரினங்களாக்கினார். டென்ட்ரோப்தே, ஹெலிக்ஸாந்தெரா, டாக்ஸில்லஸ், ஸ்கருலா என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் பிரிப்பின் வழி வந்தவை. ஆகவே பழைய தாள் ஒன்றில் லொராந்தஸ் என்று மட்டும் கண்டால் உறுதியாகக் கொள்ளக்கூடியது ஒன்றுதான்: அது ஒரு புல்லுருவி. மரத்தின் பெயராவது இருந்தால் தேடலைக் குறுக்கலாம். அதுவும் இல்லாதபோது லென்ஸை எடுத்துக்கொண்டு பூ மொட்டின் எச்சத்தைத் தேட வேண்டும்.

பழைய தாள்களைத் தொடுகிறவர்கள் கையுறை அணியுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் செடிகளை முக்கி எடுப்பது வழக்கம். பாதரசம் அந்தத் தாளை விட்டு எங்கும் போய்விடவில்லை. தாளைப் புரட்டிய கையோடு டீ குடிக்கும் பழக்கத்தைப் பல மூத்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் மட்டும் வேண்டாம்.

புல்லுருவியைச் சேகரிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பாடநூல்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. கைக்கு எட்டும் கிளையில் புல்லுருவி இருப்பது அபூர்வம். நீண்ட துறட்டிக் கம்பு வேண்டும், அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். கொத்தை மட்டும் இழுத்துப் பறித்தால் பாதி வேலைதான் ஆகும். ஒட்டியிருக்கும் கிளையோடு சேர்த்து வெட்டி இறக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் கிளை முண்டாகப் புடைத்திருக்கும். அந்த முண்டை நீளவாக்கில் கூரிய கத்தியால் பிளந்து பாருங்கள். மரத்தின் கட்டை ஒரு நிறம், அதற்குள் ஆப்பு அடித்ததுபோல் இறங்கியிருக்கும் புல்லுருவியின் திசு வேறு நிறம். இரண்டும் சந்திக்கும் கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். அதுதான் உறிஞ்சு வேர். பிளந்த ஒரு பாதியைக் காய வைத்துத் தாளோடு சேர்க்கவும். மறுபாதியைச் சாராயக் கரைசலில் போடவும். டென்ட்ரோப்தே ஃபால்கேட்டா போன்றவற்றுக்கு இதோடு முடிவதில்லை. கிளையின் பட்டைமேல் கயிறுபோல் ஓடும் வேர்களும் உண்டு. அந்த வேர் போகிற வழியில் இடையிடையே மரத்துக்குள் இறங்கும். கொத்தை ஒடித்துப் போட்டாலும் அடுத்த மழைக்கு அங்கிருந்து துளிர்க்கிறதே, அதன் காரணம் இதுதான்.

இலை உதிராமல் இருக்க, அழுத்துவதற்கு முன் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்கலாம். பூவின் நிறம் காய்ந்தால் கறுத்துவிடும். எனவே பறித்த இடத்திலேயே நிறத்தை எழுதுங்கள்: குழாயின் அடி, நடு, நுனி என்று தனித்தனியாக. பழத்தைப் பிதுக்கி விதையை ஒரு காகிதத்தில் ஒட்டினால் அதுவே ஒட்டிக்கொள்ளும், பசை தேவையில்லை. சாராயப் போத்தலுக்குள் போடும் லேபிளைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், மை கரைந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மரத்தின் இலையும், கிடைத்தால் பூவும் காயும் சேர்த்துத் தனியாக ஒரு மாதிரி எடுத்து, ஒட்டுண்ணியின் எண்ணோடு இணைத்து எண்ணிடுங்கள். ‘தேக்காக இருக்கலாம்’ என்று குறிப்பேட்டில் எழுதுவதைவிட ஓர் இலையைப் பறித்து வைப்பது மேல். அடையாளத்தைப் பிறகு வருகிறவர் சரிபார்த்துக்கொள்வார்.

இந்தத் தொழிலில் என் கண்ணைத் திறந்தவர்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் முக்கியமானவர்கள். ஆனைமலைப் பக்கம் ஒரு முறை, காட்டோரத்து மரத்தில் புல்லுருவிக் கொத்து ஒன்றை இருநோக்கியில் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கூட வந்த மூத்த காவலர் சற்று நேரம் பொறுத்திருந்துவிட்டு, “ஐயா, அந்த இடப்பக்கம் வெளிர்பச்சையாகத் தெரிகிறதே, அதையும் எழுதினீர்களா?” என்று கேட்டார்.

“அதுவும் அதே கொத்துதானே, அண்ணா?”

“இல்லை ஐயா. அது புல்லுருவிக்குப் புல்லுருவி.”

துறட்டியால் இறக்கிப் பார்த்தோம். டென்ட்ரோப்தேயின் தண்டில் முண்டு, அதிலிருந்து கிளைத்து நிற்கிறது சின்னஞ்சிறு தடித்த இலைகளோடு விஸ்கம் கேபிடெல்லாட்டம். புல்லுருவிகளின் மீதே வாழும் இனம் இது. மரம் மண்ணிலிருந்து நீரை ஏற்றுகிறது. அதை டென்ட்ரோப்தே வழிமறித்து எடுக்கிறது. அதனிடமிருந்து விஸ்கம் எடுக்கிறது. மூன்று தளத்திலும் நீர் மேலே ஏற வேண்டுமானால் மேலே இருப்பது கீழே இருப்பதைவிட அதிகமாக இழுக்க வேண்டும். அதனால்தான் புல்லுருவிகள் பொதுவாகத் தாய்மரத்தைவிடத் தாராளமாக நீரை ஆவியாக்குகின்றன. காவலர் இவற்றையெல்லாம் படித்தவர் அல்லர். இரண்டு பச்சைகளுக்கும் உள்ள வேறுபாடு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றுமுதல் குறிப்பேட்டில் ‘ஓம்புயிர்’ (ஒட்டுண்ணி ஒட்டி வாழும் தாவரம்) என்ற கட்டத்தில் ஒரு பெயரோடு நிறுத்தாமல், அந்த ஓம்புயிர் எதன்மேல் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அண்ணாந்து பார்த்தே நடக்கிற வேலை இது. யானைக் காட்டில் இதைவிட ஆபத்தான நடை இல்லை. ஒருவர் மேலே பார்த்தால் இன்னொருவர் எதிரே பார்க்க வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் இருநோக்கியைத் தூக்கக் கூடாது. இது ஒன்றுதான் என் குழுவில் நான் கண்டிப்போடு போட்ட விதி. மற்றவற்றில் நான் கண்டிப்பான அதிகாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேலே பார்க்காத நாட்களில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருப்போம். சோலைக்காட்டின் தரையில், ஈரச் சருகைத் தள்ளிக்கொண்டு செம்மஞ்சள் நிறத்தில் காளான்போல் ஒன்று எழும்பியிருக்கும். அது பலனோஃபோரா. பச்சையமே இல்லாத முழு ஒட்டுண்ணி. தரைக்குமேல் தெரிவது பூக்கொத்து மட்டும். பூக்களில் பெண்பூ மிகமிகச் சிறியது, பூக்கும் தாவர உலகிலேயே மிகச் சிறிய பூக்களில் ஒன்று. கைலென்ஸில் பார்த்தால் வெல்வெட் துணியின் மயிர்போலத்தான் தெரியும். கீழே கிழங்கு, கிழங்கின் தோலில் நட்சத்திர வடிவ மருக்கள். கிழங்கில் மெழுகு உண்டு. ஜாவாவில் இதை விளக்கெரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பறிப்பது எளிது, எதன் வேரில் இருந்தது என்று சொல்வதுதான் கடினம். சோலையில் ஒரு சாண் மண்ணுக்குள் பல மரங்களின் வேர்கள் பின்னிக் கிடக்கும். கிழங்கிலிருந்து வேரைப் பிடித்துக்கொண்டு, தூரிகையும் சிறு குச்சியும் வைத்து மண்ணை விலக்கி விலக்கி, மரத்தின் அடிவரைக்கும் போக வேண்டும். நடுவில் வேர் ஒரு பாறைக்கடியில் நுழைந்துவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. அட்டைகள் காலில் ஏறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் மரத்தின் பெயரை எழுதிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும். எழுந்துவிடாதீர்கள். பலனோஃபோராவின் ஓம்புயிர்ப் பட்டியல்களில் ‘அருகில் நின்ற மரங்கள்’ எத்தனை நுழைந்திருக்கின்றனவோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்தச் செடியின் பசுங்கணிக (மற்ற செடிகளில் பச்சையத்தைத் தாங்கும் செல் நுண்ணுறுப்பு) மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. சாதாரணச் செடிகளில் அது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எழுத்துகள் நீளம். பலனோஃபோராவில் சுமார் பதினாறாயிரத்துக்குச் சுருங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, மற்ற செடிகளில் ‘நிறுத்து’ என்று பொருள்படும் ஒரு மரபுக் குறியீடு இதில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. சருகுக்கடியில் கிடக்கும் இந்தக் கிழங்கு மரபுக் குறியீட்டு அட்டவணையையே தனக்கேற்ப மாற்றிக்கொண்டுவிட்டது. ஆய்வகத்தில் இதைச் செய்கிறவர்களைப் பார்த்து எனக்குச் சற்றுப் பொறாமைதான். ஆனால் அவர்களும் கடைசியில் ‘மாதிரி எங்கே எடுத்தது, எந்த வேரில் எடுத்தது’ என்று கேட்டுக்கொண்டு நம்மிடம்தான் வருவார்கள்.

மண்ணைத் தோண்டி வேரைப் பின்தொடரும் இந்தப் பொறுமைக்கு நம் மண்ணில் ஒரு முன்னோடி உண்டு. சந்தனம் ஒட்டுண்ணி என்பதை 1871இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட் எடுத்துச் சொன்னார். அதை விரிவாக ஆராய்ந்தவர் சி. ஏ. பார்பர். 1898இல் மதராஸ் மாகாணத்துக்கு அரசுத் தாவரவியலாளராக வந்தவர். சந்தனத்தின் உறிஞ்சு வேர் எப்படி உருவாகிறது, எப்படி மற்றொரு வேரைக் கவ்வுகிறது, உள்ளே எப்படி ஊடுருவுகிறது என்று வெட்டுத் தோற்றங்களாக வரைந்து அவர் வெளியிட்ட கட்டுரைகள் நூறாண்டு கடந்தும் பயன்படுகின்றன. கடலிறஞ்சி எனப்படும் ஓலாக்ஸ், கான்ஸ்ஜெரா ஆகிய வேர் ஒட்டுண்ணிகளையும் அதேபோல் ஆராய்ந்தார்.

பிறகு என்ன ஆயிற்று? அரசுப் பணியில் ஆகிறதுதான் ஆயிற்று. 1912இல் கரும்பு வல்லுநராகக் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டார். அங்கே டி. எஸ். வெங்கட்ராமனோடு சேர்ந்து, காட்டு நாணல் வகையான சக்காரம் ஸ்பான்டேனியத்தைக் கரும்போடு கலந்து கோ 205 என்ற ரகத்துக்கு வழிவகுத்தார். வட இந்தியக் கரும்பு வயல்களின் தலையெழுத்தை மாற்றிய வேலை அது. நாட்டுக்கு லாபம், சந்தேகமில்லை. ஒட்டுண்ணி ஆய்வுக்கு நஷ்டம்தான் என்று எங்களைப் போன்றவர்கள் முணுமுணுத்துக்கொள்வோம். அவர் செய்த இன்னொன்றைத்தான் நான் இளையோரிடம் எடுத்துச் சொல்வது. மாற்றல் வருவதற்குள் கையில் இருந்ததை எழுதி அச்சேற்றிவிட்டார். அரசு அலுவலகத்தில் உங்கள் ஆய்வுப் பொருள் எந்த ஆண்டு மாறும் என்று சொல்ல முடியாது. திட்டத்தின் பெயர் மாறும், இருக்கை மாறும், புல்லுருவிக்காரர் திடீரெனக் கடற்கரைத் தாவரக்காரர் ஆவார். ஒவ்வொரு இனத்துக்கும் முழுமையாக ஒரு குறுங்கட்டுரை எழுதி முடித்துக்கொண்டே போங்கள். மொத்தமாகப் பெருநூல் எழுதலாம் என்று காத்திருந்தவர்களின் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

சந்தனக் கடிதத்துக்கு நான் எழுதும் பதில் பார்பரின் வழியிலேயே போகும். சந்தன விதை முளைக்கும், சில மாதம் தன் சேமிப்பில் வளரவும் செய்யும். அதன்பின் வேர் இன்னொரு வேரைத் தேடும். இலை பச்சையாக இருப்பதால் மாவுப்பொருளைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரும் தாது உப்புகளும், தழைச்சத்தில் ஒரு பங்கும் துணைச் செடியிலிருந்து வர வேண்டும். நாற்றுப்பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ ஒன்றைச் சேர்த்து வளர்த்து, நடும்போது சவுக்கு, புங்கம் போல நீண்டநாள் நிற்கும் மரத்தை அருகில் வைக்க வேண்டும். பையில் துணைச் செடி சந்தனத்தை மூடி வளர்ந்துவிடாமல் கிள்ளிவிடவும் வேண்டும். கன்றுகள் பட்டுப்போன தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் தரையைச் சுத்தமாகக் களையெடுத்து வைத்திருப்பார்கள். பெருமையோடு காட்டுவார்கள். சந்தனத்துக்கு அது பட்டினி.

இனி அந்த இன்னொரு கடிதம். ‘ஒழிப்பது எப்படி?’

தேக்குத் தோட்டத்தில் புல்லுருவி உண்மையாகவே சேதம் செய்கிறது. கிளை வளைகிறது, வளர்ச்சி குன்றுகிறது, தாக்குதல் கடுமையானால் நுனி காய்கிறது. கணக்கெடுக்கப் போகிறவர்கள் மழைக்குப் பிறகு பச்சைப் பசேலென்று இருக்கும்போது போகக் கூடாது. தேக்கு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் கோடையில் போங்கள். மரம் காய்ந்த குச்சியாக நிற்கும், புல்லுருவிக் கொத்துகள் மட்டும் பச்சையாகத் தெரியும். கீழிருந்தே எண்ணிவிடலாம். ஒழிக்க எளிய வழி, ஒட்டிய இடத்துக்குக் கீழே, பட்டையில் ஓடும் வேரையும் கணக்கில் கொண்டு, நல்ல கிளையில் வெட்டுவது. பழம் பழுப்பதற்கு முன் வெட்ட வேண்டும். கொத்தை மட்டும் அரிந்து தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று பில் போடுகிற ஒப்பந்தக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டும் அவர்களுக்கு வேலை இருக்கும்.

தோட்டத்துக்குச் சொல்லும் இந்த யோசனையை இயற்கைக் காட்டுக்கும் நீட்டக் கேட்கும்போதுதான் நான் பிடிவாதக்காரனாகிவிடுவேன். ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சனும் உடன் ஆய்வாளரும் சில காட்டுத் துண்டுகளிலிருந்து புல்லுருவியை முழுவதுமாக அகற்றிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே பறவை இனங்கள் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்துவிட்டன. 2012இல் அந்த முடிவு வெளியானது. பழம் தின்னும் பறவைகள் குறைந்தால் வியப்பில்லை. பெரிதும் குறைந்தவை பூச்சி தின்னிகள். புல்லுருவி இலையிலிருந்து சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளாமலே அதை உதிர்த்துவிடும். அந்தச் சருகு தரையை வளமாக்குகிறது, அதில் பூச்சிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னப் பறவைகள் வருகின்றன. இந்தச் சங்கிலியை ஓர் அரசுக் குறிப்பில் எழுதினால் யாரும் படிப்பதில்லை என்பதையும் கற்றுக்கொண்டேன். அதனால் அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்றே வரி: எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது, எந்த மாதத்தில். பறவையும் பூச்சியும் இணைப்பில். கையெழுத்திடுகிறவர் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை. தாண்டுகிறவர் ஒருவர் இருந்தால் அவருக்காக இணைப்பு.

காட்டு மக்களிடம் கேட்காமல் அறிக்கை எழுதாதீர்கள் என்பதற்குப் பிலிகிரிரங்கன் மலை நல்ல சாட்சி. சத்தியமங்கலம் காட்டுக்கு அப்புறம், கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே நெல்லி மரங்களில் டாக்ஸில்லஸ் டொமென்டோசஸ் என்ற புல்லுருவி பெருகி, நெல்லிக்காய் விளைச்சலைக் குறைத்தது. காய் பறிப்பவர்கள்மீது ஐயம் எழுவது இயல்பு. அந்த மலையின் பழங்குடிகளான சோலிகர்களோ வேறொன்றைச் சொன்னார்கள்: முன்பு ஆண்டுதோறும் சருகுக்கு வைக்கும் சிறு நெருப்பு புல்லுருவியைக் கட்டுக்குள் வைத்திருந்தது, நெருப்புக்குத் தடை வந்தபின் அது பெருகிவிட்டது என்று. இந்தக் கூற்றை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். நெருப்பு வைக்கலாமா கூடாதா என்பதில் வனத்துறைக்கு ஒரு கருத்து, சூழலியலாளருக்கு இன்னொரு கருத்து. அந்த வாதத்தை இங்கே இழுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அந்தக் காட்டில் புல்லுருவியின் வரலாறு யாருடைய குறிப்பேட்டிலும் இல்லாத காலத்தில் சோலிகர்களின் நினைவில் இருந்தது.

பறவை நூல்களையும் நான் பணிக்கு வந்தபிறகுதான் படிக்கத் தொடங்கினேன். சலீம் அலி 1931இல் கொங்கணப் புல்லுருவி பற்றி எழுதியதைத் தாவரவியல் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். தேன்சிட்டு பூவைத் திறக்கிறது, பூக்கொத்திக் குருவி பழத்தை விழுங்குகிறது. விழுங்கிய சில நிமிடங்களில் விதை பிசின் இழையோடு வெளியே வரும். அது எளிதில் விழாது, குருவி உடலைக் கிளையில் தேய்த்துத்தான் கழற்ற வேண்டும். விதை நட்டாயிற்று. நீலகிரியில் பிரியா தாவீதார் 1983இல் காட்டியது இன்னும் சுவையானது. பூக்கொத்திகளை நம்பியிருக்கும் சில புல்லுருவிகளில் முதிர்ந்த மொட்டு அதே செடியின் பழத்தைப்போலவே தோன்றுகிறது. பழம் தேடி வரும் குருவி மொட்டையும் கொத்திவிடுகிறது, மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுகிறது.

அந்த விதை எங்கே ஒட்டினாலும் முளைக்கும். மின்கம்பியில் ஒட்டிய விதைகளிலிருந்து பச்சைத் தண்டு நீண்டு, வளைந்து, நுனியைத் தட்டுபோல் விரித்துக் கம்பியைத் தொட்டிருப்பதைப் பார்க்கலாம். சில வாரங்களில் காய்ந்துவிடும். ‘புல்லுருவி இந்த மரத்தில் முளைத்திருக்கிறது’ என்பதை மட்டும் வைத்து அந்த மரத்தை ஓம்புயிர்ப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இரண்டாம் ஆண்டும் இலையோடு நின்றால், பூத்தால், எழுதுங்கள்.

ஓம்புயிர் எது என்பதை எங்களைவிடக் கறாராகக் கேட்கிறவர்கள் நாட்டு வைத்தியர்கள். புல்லுருவி என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்குத் திருப்தி வராது. புளியமரத்ததா, மாமரத்ததா என்று கேட்பார்கள். இதில் வேதியியல் உண்மை ஒன்று உண்டு. அரளியில் வளர்ந்த புல்லுருவியில், அரளியின் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் இருப்பதை 1961இல் வெளியான ஆய்வு காட்டியது. எட்டி மரத்து விஸ்கத்தில் எட்டியின் நஞ்சு இருப்பதாக 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருக்கிறார்கள். மூலிகை என்று கேட்டுவந்து இலையை நீட்டுகிறவர்களிடம் நான் முதலில் மரத்தைத்தான் கேட்பேன். தெரியாது என்றால், தூர எறியச் சொல்வேன். செடியின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு ஆளைக் கொன்றுவிட முடியும்.

அடையாளம் காண்பதில் இன்னொரு வழக்கமான பொறி, கொத்தானும் அம்மையார் கூந்தலும். இரண்டும் இலையில்லாத நூல்போன்ற கொடிகள், இரண்டும் புதரைப் போர்த்திவிடும். அம்மையார் கூந்தல் கஸ்குட்டா, பூவரசையும் வேலியையும் மஞ்சளாக மூடுவது. கொத்தான் காசித்தா, இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, உறவே இல்லை. பூவைப் பாருங்கள்: கஸ்குட்டாவில் ஐந்து மடலும் இணைந்த குழாய், காசித்தாவில் மூன்று மூன்றாக உறுப்புகள். பழம் கிடைத்தால் ஐயமே இல்லை. காசித்தாவில் சதைப்பற்றுள்ள மணி, கஸ்குட்டாவில் உலர்ந்த காய். பூவும் காயும் இல்லாத கொடியை அனுப்பி உடனே பெயர் கேட்கிறவர்களுக்குக் குடும்பம் வரை சொல்லிவிட்டு, பூக்கும்போது அனுப்பச் சொல்வேன்.

வயல்காரர்கள் எங்களைவிடக் கொடுமையான ஒட்டுண்ணிகளோடு வாழ்கிறார்கள். சோளத்தில் சுடுமல்லி, புகையிலையில் புகையிலைக் காளான். அவற்றுக்கு வேளாண்மைத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள், பணமும் இருக்கிறது. காட்டு ஒட்டுண்ணிக்கு இரண்டும் குறைவு. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, காலண்டரைத் திட்டமிடத் தெரிந்தால் போதும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. கள ஒதுக்கீட்டைச் செலவழிக்கச் சொல்லி நெருக்குவது பிப்ரவரியில். வேர் ஒட்டுண்ணியான கிறிஸ்டிசோனியாவோ மழையின் ஈரத்தில் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு நகர மாதங்கள் ஆகும். ஆகவே மழைக்காலப் பயணத்துக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தில் ஒட்டுண்ணியின் பெயரோடு ஓம்புயிரின் பெயரையும் சேகரிக்கும் செடிகளாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சோதனைச் சாவடியில் தாய்மரத்தின் கிளைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

கிறிஸ்டிசோனியாவைப் பற்றி ஒரு வேலை மீதமிருக்கிறது, அதை இனி வருகிறவர்தான் செய்ய வேண்டும். இலையே இல்லாத இந்தச் செடி குறிஞ்சிப் பேரினத்தின் வேர்களில் வாழ்கிறது. குறிஞ்சி இனங்களில் பல, ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, ஒன்றாகப் பூத்து, விதைத்து, ஒன்றாக மடிகிறவை. நீலகிரியை நீலமாக்கும் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்து 2030. இப்படி ஓம்புயிர்க் கூட்டம் மொத்தமாக மடியும் இடத்தில் வேரில் இருந்த ஒட்டுண்ணி என்ன செய்கிறது என்று பார்க்க, பூப்பதற்குப் பல ஆண்டு முன்பே தரையில் ஆய்வுக் கட்டம் குறித்து வைத்திருக்க வேண்டும். எந்தக் குறிஞ்சி இனம், எந்த ஆண்டு முளைத்தது, எந்தப் புதரின் வேரில் கிறிஸ்டிசோனியா வந்தது என்று ஆண்டுதோறும் எழுத வேண்டும். நான் கண்ட இடங்களின் ஆயத்தொலைவுகளும் குறிப்பேடுகளின் நகலும் ஹெர்பேரியத்தில் கொடுத்திருக்கிறேன். மூலப்படி வீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முதல் மழைக்கு முன் கட்டங்களுக்கு முளையடிக்கப் போகலாம்.